அச்சேறாத மெட்டு

பங்குனி, சித்திரை மாதங்களில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில், இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தைக் கண்டு களித்தவர்களிடம், மேடையில் தர்க்கம் செய்யும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று மாலைதான் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள் என்றும், ஒத்திகை என்று ஒன்று நடக்கவே இல்லை என்றும் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் நெட்டுருவாக இருப்பதுதான் அதன் இரகசியம். ஆனால் நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது: 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போல எல்லோரும் அறிந்த சில நாடகங்கள் நிலைத்துவிட, ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதவை மேடையை விட்டே இறங்கிவிட்டன.

கம்பெனி நாடக காலத்தில் நிலைமை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், ஆசிரியர் வாய்விட்டுப் பாடிக்காட்டப் பிள்ளைகள் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். ஆகையால் எந்தப் புதிய நாடகத்தையும் அவர்களால் மேடையேற்ற முடிந்தது. பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிரசித்தி பெற்றவர்கள் அங்கே பயின்றவர்களே. அவர்களுள் ஒருவரான டி.கே. சண்முகம், சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வேகத்தில் எழுதிய கை, ஸ்வரங்களையும் குறித்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசைதான்.

இத்தாலியில் சங்கீத நாடகத்துக்கு ஒபரா என்று பெயர். அங்கே பாடகரின் பகுதியை ஸ்வரக்குறிப்போடும், வாத்திய கோஷ்டியின் பகுதியை ஒரே பியானோவுக்குச் சுருக்கியும் அச்சிடுகிற வழக்கம் உண்டு. மிலான் நகரில் 1808இல் தொடங்கிய ரிக்கோர்டி நிறுவனம் இத்தகைய பிரதிகளை ஏராளமாக வெளியிட்டது. டோனிசெட்டி இயற்றி 1830இல் அரங்கேறிய 'அன்னா பொலேனா', நெடுங்காலம் பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்து, 1957இல் அதே நகரின் லா ஸ்காலா அரங்கில் மரியா காலஸ் பாடக் கேட்டு உலகம் வியந்ததென்றால், இசை காகிதத்தில் இருந்தது என்பதே அதற்கு அடிப்படை.

நம்முடைய நாடகப் பாட்டுப் புத்தகமோ வேறு ஜாதி. மலிவுக் காகிதத்தில் அச்சான அந்த மெல்லிய புத்தகத்தில் ஒரு பாட்டின் தலைப்பைப் பார்த்தால், ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர், அவற்றோடு 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்ற குறிப்பு. சில இடங்களில் 'பார்சி மெட்டு' என்பதோடு சரி. காம்போதி என்று தெரிந்தால் வீதி தெரிகிறது, வீடு தெரிவதில்லை. குறிப்பிட்ட பாட்டைத் தேடிப் போனால் அதன் தலையிலும் வேறொரு பாட்டின் பெயர் நிற்கும். அக்காலத்தில் ஊரே முணுமுணுத்த மெட்டு என்பதால் அச்சிட்டவருக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே இங்கே தேடுகிறவர் இரண்டு வழியில் நடக்க வேண்டியிருக்கிறது. சொற்களுக்கு, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனிமனிதர் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் விடாமல் சேர்த்துவைத்த பெருங்களஞ்சியம் இருக்கிறது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கிய பிறகு, சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பாட்டுப் புத்தகத்தைக் குப்பை என்று ஒதுக்காத அவருடைய விவேகம், பண்டிதர்கள் பலருக்கு வாய்க்காதது. மெட்டுக்கோ கிராமபோன் தட்டுக்களை நாட வேண்டும். இருபத்தேழு வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) நாடகப் பாடல்கள் அவ்வாறே நமக்கு எஞ்சின. எனினும் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்கே இடம் கொடுத்ததால், மேடையில் அவர் விரித்துப் பாடியது அதில் அடங்கவில்லை.

தட்டிலும் கிடைக்காத மெட்டுக்கு ஹார்மோனியக்காரரே கதி. பின்னிருந்து பாடியும் வாசித்தும் நடிகரைத் தாங்குவதால் அவருக்குப் 'பின்பாட்டு' என்றே பெயர். மதுரையில் நாடக நடிகர்களுக்கென்று இருக்கும் சங்கத்தில் விசாரித்தால் வயது முதிர்ந்த ஒருவரைக் காட்டுவார்கள். அவரிடம் புத்தகத்தை விரித்து வைத்து, இது எந்த மெட்டு என்று கேட்டால் வாயால் விடை வராது. எத்தனை கட்டையில் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, துருத்தியைத் திறப்பார்.