தலைக்கு 16 ரூபாய் 67 காசு

1978 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு 5 ஆண்டில் எழுத்தறிவு தருவது இலக்கு. மையத்துக்கு 30 பேர். சொல்லிக்கொடுப்பவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். பத்து மாதத்துக்கு 500. முப்பதால் வகுத்தால் தலைக்கு 16 ரூபாய் 67 காசு. பாட நேரம் சுமார் 300 மணி என்று வைத்தால், ஒருவருக்கு மணிக்கு ஐந்தரைக் காசு. சிலேட்டு, பலப்பம், விளக்குக்கு மண்ணெண்ணெய் இதில் சேராது.

இங்கிலாந்திலும் இதே 30 வருகிறது. 1903-இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ், மனைவி வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங்கை வைத்துத் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1908-இல் ராச்டேலிலும் லாங்டனிலும் அந்தச் சங்கத்துக்காகப் பொருளாதார வரலாற்றாளர் டானி நடத்திய மூன்றாண்டு வகுப்புகளுக்கும் உச்சவரம்பு 30 பேர்தான்.

திண்டுக்கல் பக்கத்துக் கணக்கு வேறு தினுசு. டாக்டர் டி.எஸ். சௌந்தரம் 1904-இல் பிறந்தவர், டி.வி.எஸ். நிறுவனரின் மகள். சிறு வயதில் கல்யாணம், இளமையிலேயே விதவைக் கோலம். அதற்குப் பிறகுதான் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1936-இல் பட்டம் வாங்கியபோது வயது 32. 1940-இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனுடன் மறுமணம். இருவரும் 1947-இல் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது சௌந்தரத்துக்கு 43. படிப்பு நின்றுபோன பெண்களுக்கு மறுபடி பாடம் சொல்லி ஊர்ப்பணிக்கு அனுப்பச் சேவிகாசிரமம் வந்தது. தாமதமாகப் படித்தவர் என்பதால்தான் அந்தப் பெண்களின் தயக்கம் அவருக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனம். 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நடுவே 1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர் எம்.எல்.ஏ., 1962-இல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர். 1984-இல் காலமானார், மறு ஆண்டுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது.

அவர் வேலையைத் தொடங்கிய காலத்தில், 1951 கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 21 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். 2011-இல் 80. திண்டுக்கல் மாவட்டம் அப்போது 76.26-இல் நின்றது: ஆண்கள் 84.23, பெண்கள் 68.33. திருப்பிப் பார்த்தால்தான் சுடுகிறது. ஆண்களில் நூற்றுக்கு 16 பேருக்கு எழுத்து தெரியாது, பெண்களில் 32. அப்படியே இரு மடங்கு. வங்கிச் சலானை நீட்டி “கொஞ்சம் எழுதிக் குடுங்க தம்பி” என்று கேட்கும் அக்காக்கள் இந்த 32-க்குள் இருக்கிறார்கள்.

இப்போது நடப்பது 2022-27க்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய், இலக்கு 5 கோடிப் பேர். தலைக்கு 207 ரூபாய் 58 காசு. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலர், சம்பளம் இல்லை. 1978-இன் 50 ரூபாய் சுழியாகிவிட்டது.

வேடசந்தூர்ப் பக்க நூற்பாலைகள் மூன்று ஷிப்டு ஓடுகின்றன. மாலை ஏழு மணி வகுப்புக்கு ரெண்டாம் ஷிப்டுக்காரி எப்படி வருவாள்? காலையிலும் ஒரு வகுப்பு வேண்டும். அதை நடத்துகிறவர் கையில் மாதாமாதம் மதிப்பூதியம் வைக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் ஆலை முதலாளிகளும் பாதிப் பாதி போட்டால்கூடப் போதும்.