உளுத்த ஓக்கில் ஒரு பச்சை

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர், காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ‘இது ஓக்கா? உள்ளே ஏதாவது தேறுமா?’

பட்டை உதிர்ந்து வெளுத்த கட்டையில் வெட்டுமுகத்தைத்தான் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தால் ஓக்காக இருக்கலாம். அதே சாயலில் ஏமாற்றும் செஸ்ட்நட்டில் அவை தெரியாது. ஈரக்கட்டையில் இரும்பாணி அடித்தால் சுற்றிலும் கருநீலம் பரவும். ஆனால் செஸ்ட்நட்டும் அப்படிக் கறுக்கும். காரணம் டானின் என்ற துவர்ப்பு. நாட்டுமருந்துக் கடை மாசிக்காயும் மேற்காசிய ஓக் ஒன்றில் குளவி முட்டையிட்டதால் வரும் புடைப்புதான். அதன் துவர்ப்பும் அதுவே.

தேறுமா என்பதற்குப் பேனாக்கத்தி போதும். வெளிவெள்ளை டீயில் நனைத்த ரஸ்க் போல உள்வாங்கும். அங்கேயே கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு விரற்கடை தாண்டிக் கத்தி சட்டென்று நின்றால் அது வைரம். எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, மேல்தோல் உளுத்திருந்த உத்திரத்தை விறகு விலைக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வாளுக்குப் போனதும் உள்ளே இரும்பு! எங்களுக்கு அது தெரியவந்தபோது பணம் கைமாறிவிட்டது.

தலைகீழாகவும் நடக்கும். மஞ்சள் அடுக்குக் காளான் ஒன்று வைரத்தையே தின்னும். வெளியே திடமாக இருக்க, உள்ளே பழுப்பாகச் சதுரம் சதுரமாக வெடித்துப் பொடியாகும். தட்டினால் ‘டொக்’ என்ற பொள்ளல் சத்தம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு காளான். சில மில்லிமீட்டர் அகலக் கிண்ணங்கள்; அவை கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் அது குடியேறிய கட்டையை உடைத்தால் உள்ளே மயில்கழுத்துப் பச்சை! யாரும் சாயம் ஏற்றவில்லை. கென்ட் பகுதி டன்பிரிட்ஜ் வெல்ஸ் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டில் சிறு பெட்டிகளின் மேல் பலநிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்தார்கள். இலைக்கும் புல்லுக்கும் இந்தப் பச்சைக் கட்டைதான்.

சுத்தம் என்ற பெயரில் விழுந்து கிடக்கும் கட்டைகளை அள்ளி எரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மான்கொம்பு வண்டின் புழு, மண்ணோடு ஒட்டி மக்கும் கட்டையைத் தின்று குறைந்தது 3 ஆண்டுகள் அங்கேயே கிடக்கிறது. அதன் வீட்டை நாம் குளிர்காய எடுத்துக்கொள்கிறோம்.

வாசகரே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகள் இருக்கின்றன, ஓக்தான் போலிருக்கிறது. வலது ஓரத்தில் ஒடிந்த கிளை நுனியைக் கவனித்தீர்களா? நீங்கள் பாசி என்று நினைத்திருப்பீர்கள்.