பவர் பாங்க் பெட்டிக்குள் வேண்டாம்

"அம்மா, உதுக்குள்ள பவர் பாங்க் ஏதும் இருக்கோ?"

"ஓம் தம்பி. உடையாமல் துவாயாலை சுத்தி அடியிலை வைச்சிருக்கிறன்."

பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வெளிக்கிட்ட மாமியின் பெட்டி மறுபடி திறக்கப்பட்டது. புழுக்கொடியல், மிளகாய்த்தூள், சேலைகள் எல்லாம் மேசைக்கு வந்த பிறகுதான் அந்தத் துவாய் கிடைத்தது. பின்னால் வரிசை நீண்டது; மாமிக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பத்திரமாக வைத்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். பவர் பாங்குக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை.

லிதியம் மின்கலம் பழுதானால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பொதியறைக்குள் அது நடந்தால் தெரியவரவே நேரமெடுக்கும்; சுற்றியிருக்கும் துணியும் சேர்ந்து எரியும். தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கினாலும் மின்கலத்தின் உட்சூட்டைத் தணிக்காது. பயணிகள் பகுதியில் என்றால் பணிப்பெண்கள் கண்டவுடன் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் அங்கும் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் ஆபத்துத்தான். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த எயார் பூசான் விமானம் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். தலைக்குமேல் தட்டில் இருந்த பவர் பாங்கே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதன்பின் பல நிறுவனங்கள் அதைத் தட்டில் வைக்கவோ, பறக்கும்போது அதில் சார்ஜ் ஏற்றவோ விடுவதில்லை.

அளவு பார்ப்பது சுலபம். 100 வாற் மணி வரை கையில் கொண்டுபோகலாம். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாற் மணி, பயமில்லை. 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் முடியாது. எழுத்து அழிந்துபோன மலிவுச் சாமானை நிறுத்திவிடுவார்கள்.

நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இன்னொன்று. பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். ரகச் சிறிய விமானம். தலைக்குமேல் தட்டு சிறிது என்பதால் கையில் கொண்டுபோகும் சில்லுப்பெட்டியையும் படியடியில் வாங்கிப் பொதியறையில் போடுவதுண்டு. அந்த நேரம் பவர் பாங்கையும் மேலதிக மின்கலங்களையும் வெளியே எடுத்துக் கையில் வைத்திருங்கள். மடிக்கணினியையும் எடுத்துவிடுங்கள்.

 

இனி, பொதியறைக்கு ஒப்படைத்த பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேற முதல் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பிப் பிரதி வாங்குங்கள். இந்தியாவும் இலங்கையும் ஏற்றுள்ள மொன்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குக்கு 2 ஆண்டு. வாயால் சொன்னது கணக்கில் வராது. பற்றுச்சீட்டும் படமும் இல்லாமல் இழப்பீடு வாங்குவது கஷ்டம். பெட்டிக்குள் வைத்த மின்னணுச் சாமானுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கின்றன.

அம்மா அப்பாவை வழியனுப்பும் பிள்ளைகளே, முதல்நாள் இரவே பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்கள். பவர் பாங்கை அவர்களின் கைப்பையில் வைத்து, எதற்காக அங்கே வைத்தீர்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.