கைத்தொலைபேசியும் கிளினிக் கொப்பியும்

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய இடத்தில் கொட்டில் போடும்போது, கிணறு எங்கே, கடை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று விசாரிக்கும். வீட்டிலுள்ள அப்புவுக்கும் ஆச்சிக்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: கிளினிக் எங்கே? பழைய ஊரில் அவர்களை அறிந்த வைத்தியர் இருந்தார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது தாதிக்கும் தெரிந்திருந்தது. இடம் மாறியதும் அந்த அறிமுகம் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு கிளினிக் கொப்பி. அதுவும் வெள்ளத்தில் நனைந்தோ, ஓட்டத்தில் தவறியோ போனால், "என்ன மருந்து பாவித்தீர்கள்?" என்று புதிய வைத்தியர் கேட்கும்போது, "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்று மட்டுமே சொல்ல முடிகிறது.

இன்று பல வீடுகளில் கைத்தொலைபேசி இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ அனுப்பியதாகவும் இருக்கலாம். ஆனால் மூத்தோர் பலருக்கு அது பிள்ளைகளின் முகம் பார்க்கும் கருவி மட்டுமே. பேரன் அழுத்திக் கொடுப்பான். கதைத்து முடிந்ததும் வாங்கி வைப்பான். அதே கருவி அவர்களுடைய சுகத்தைக் காக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. காக்கும் வழியில் அதைப் பாவிக்க மூத்தோருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை இங்கு பார்ப்போம்.

விதை நெல் வாங்கத் தெரிந்தவர்கள்

2006ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த நோர்மன், ஸ்கின்னர் என்னும் இரு ஆய்வாளர்கள் இத்திறமைக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மின்னணுக் கருவிகள் வழியாகச் சுகாதாரத் தகவலைத் தேடுதல், கண்டெடுத்தல், விளங்கிக்கொள்ளுதல், மதிப்பிடுதல், தமது நோய்க்குப் பயன்படுத்துதல் என ஐந்து படிகளாக அதை நாம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலிரண்டு படிகளில் இளையோர் கெட்டிக்காரர். நான்காவது படியான மதிப்பிடுதலில் மூத்த விவசாயியை யாரும் இலகுவில் வெல்ல முடியாது. விதை நெல் வாங்கும்போது அவர் என்ன செய்கிறார்? விற்பவர் யார் என்று கேட்கிறார். எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்கிறார். ஒரு பிடியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார். வாய்ப்பேச்சை நம்பி வயல் முழுவதும் விதைப்பதில்லை. தொலைபேசியில் வரும் மருந்துச் செய்தியையும் அதே கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கும் பாடம் அவர்களிடம் எடுபடாது. "உங்களுக்குத் தெரிந்ததை இங்கும் பாவியுங்கள்" என்று தொடங்க வேண்டும்.

பாணிக்கு நின்ற வரிசை

2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்குவதற்குக் கேகாலை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அதை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. பெரியவர்கள் சொன்னார்கள், எல்லோரும் அனுப்பினார்கள் என்பதால் ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதை எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாமலிருக்கலாம். அவ்வாறான செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குவோம்:

1. இதைச் சொல்பவர் யார்? பெயரும் பொறுப்பும் உண்டா?
2. இதனால் அவருக்கு ஏதாவது விற்பனை ஆகிறதா?
3. என் கிளினிக் மருந்தை நிறுத்தும்படி சொல்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்றால் அந்தச் செய்தியை அத்துடன் விட்டுவிட வேண்டும். நீரிழிவு, பிரசர் மருந்துகளைத் தாமாக நிறுத்துவோர் பலருக்கு முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். கேடு பின்னால் பக்கவாதமாகவோ, சிறுநீரகப் பழுதாகவோ வரலாம். கசாயமோ கீரையோ சேர்க்க விரும்பினால் அதையும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே சேர்க்க வேண்டும்.

காய்ச்சல் வேளையிலும் இதே நிதானம் வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தபோது இனந்தெரியாத காய்ச்சல் என்ற பேச்சு பரவியது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வயலில், வெள்ளநீரில் நின்றவர்களுக்கு அது தொற்றும். காலத்தோடு சிகிச்சை பெற்றால் குணமாக்கலாம். இத்தகைய வேளையில் தொலைபேசியில் வீட்டு மருந்து தேடுவதிலும் பார்க்க, ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் வயலில் நின்றேன்" என்று சொல்வதே உயிர் காக்கும்.

ஆச்சியின் விரலே அழுத்தட்டும்

கற்பிப்பவர்களான பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். கருவியை வாங்கி நீங்களே செய்து காட்டினால் வேலை முடியும், ஆச்சி கற்கமாட்டார். கருவி அவர் கையில் இருக்கட்டும். உங்கள் கையை மடியில் வையுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு காரியம் போதும். எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குக் கண்ணாடித் திரை சிலவேளை பணியாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அழுத்தாமல் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவர்கள் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசியே தேடலாம். முடிவில் "விளங்கிச்சுதோ?" என்று கேட்காதீர்கள், விளங்காதவரும் வெட்கத்தில் தலையாட்டுவார். "இப்ப எனக்கு ஒருக்கால் சொல்லித் தாங்கோ ஆச்சி" என்று கேளுங்கள். அடுத்த நாளும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

இதில் மரியாதையும் அடங்கியிருக்கிறது. ஒரு தாய்க்கு மகனிடம் சொல்லக் கூசும் நோய் இருக்கலாம். தானே கேட்கவும் அறியவும் முடிந்தால் அவர் நோயை மறைத்து வளர்க்கமாட்டார்.

முதலில் கற்க வேண்டிய நான்கு

1. 1990ஐ அழைத்தல். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்கிற்கும் வந்தது. நெஞ்சுநோ, ஒரு பக்கம் வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் என்பவற்றைக் கண்டவுடன் அழைக்க வேண்டும். புதிய குடியேற்றங்களில் வீட்டிலக்கம் இராது. ஆகவே கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், திரும்பும் சந்தி ஆகியவற்றைச் சொல்லிப் பழக வேண்டும். இதற்குச் சாதாரணப் பொத்தான் தொலைபேசியே போதும்.

2. கிளினிக் கொப்பியைப் படமெடுத்தல். பெயரும் கிளினிக் இலக்கமும் உள்ள பக்கம், கடைசி மருந்துப் பக்கம், ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டும். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பின்பும் புதிய படம் எடுத்து, நம்பிக்கையான ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.

3. மருந்து நேரத்துக்கு மணி வைத்தல். கிளினிக் நாளுக்கு முதல் நாளும் ஒரு மணி வைக்கலாம்.

4. தெரிந்தவரைக் கேட்டல். குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிளினிக் ஆகியோரின் இலக்கங்களைப் பெயருடன் பதிந்து வைக்க வேண்டும். 2020 ஊரடங்கில் அரச ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகள் தபாலில் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாறான காலத்தில் யாரை அழைப்பது, தமது கிளினிக் இலக்கம் என்ன என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

இன்னொரு எச்சரிக்கை. வங்கி இரகசிய இலக்கத்தையோ, குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தையோ எந்த வைத்தியரும் கேட்கமாட்டார். கேட்பவர் கள்ளர்.

கருவி கைவிடும் வேளை

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் வெள்ளமும் பல இடங்களில் மின்சாரத்தையும் தொலைபேசித் தொடர்பையும் துண்டித்தன. யுத்த காலத்தில் பலமுறை எழும்பி ஓடிய நமக்கு இது புதிய பாடமல்ல. கருவி இருக்கிறதென்று கொப்பியை எறிந்துவிடக் கூடாது. மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, பொலித்தீன் பையிலிட்டு, அடையாள அட்டையுடன் வையுங்கள். புறப்பட நேர்ந்தால் அந்தப் பையும் இரண்டு வாரத்துக்குரிய மருந்தும் கையோடு வரவேண்டும்.

மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதை ஒரு சிறு திட்டமாக எடுக்கலாம். செலவு அதிகமில்லை. ஒரு மரநிழலும், மாதத்தில் இரண்டு பின்னேரங்களும், பொறுமையான நாலைந்து இளையோரும் போதும். குடும்பநல உத்தியோகத்தரை ஒருநாள் அழைத்து, கிடைத்த செய்திகளில் எது மெய், எது பொய் என்று எல்லோருமாக அலசலாம். முதலில் கற்றுத் தேறிய ஆச்சி அடுத்தவருக்குக் கற்பிக்கட்டும். தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டால் மற்றவர்களின் பயம் தெளியும்.

அந்தக் கூட்டம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலை வீட்டிலுள்ள மூத்தவரின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, கிளினிக் கொப்பியைப் பாயில் விரித்து வையுங்கள். முதற் படத்தை அவரே எடுக்கட்டும். சரிந்து போனாலும் பரவாயில்லை. எழுத்துத் தெரிந்தால் போதும்.