உலோகக் கார்டும் தேயும் மெஷினும் - செலவு யார் தலையில்?

தாம்பரம் சண்முகம் சாலை, குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் கடை நடத்தும் நம்மில் பலருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்று கார்டு மெஷின் இருக்கிறது. க்யூ.ஆர். அட்டை வந்த பிறகும், மாதத் தொடக்கத்தில் மொத்தமாக மளிகை வாங்கும் குடும்பங்கள் கடன் கார்டை நீட்டுவது நிற்கவில்லை.

அந்தக் கார்டுகளில் சில இப்போது கனத்துவிட்டன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1999-இல் தொடங்கிய செஞ்சுரியன் கார்டு, பின்னாளில் டைட்டானியத்தில் வந்தது. நம் நாட்டில் எச்.டி.எப்.சி. வங்கியின் இன்பினியா கார்டு 2021-இல் உலோக வடிவம் பெற்றது. ஒன்கார்டு போன்றவை சம்பளக்கார இளைஞர்களிடமும் உலோகக் கார்டைக் கொண்டு சேர்த்தன. பழைய மாமல்லபுரம் சாலை கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் நம் பகுதியில் இத்தகைய கார்டு கடைக்கு வருவதில் வியப்பில்லை.

தேய்மானம் எங்கே?

பிளாஸ்டிக் கார்டின் எடை சுமார் 5 கிராம். உலோகக் கார்டு அதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அளவு ஒன்றே. நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ., கனம் 0.76 மி.மீ. என்பது உலகப் பொது அளவு. எனவே எந்த மெஷினிலும் செருகலாம். சிக்கல் அளவில் இல்லை, கடினத்தில்தான் இருக்கிறது.

காந்தப்பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டாக மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன் பிறகு கார்டை இழுத்துத் தேய்க்கும் பழக்கம் குறைந்து, செருகும் பழக்கம் வந்தது. மெஷினுக்குள் தங்கமுலாம் பூசிய மெல்லிய வில்கம்பிகள் வரிசையாக இருக்கின்றன. அவை கார்டின் சிப்பைத் தொட்டால்தான் கணக்கு நடக்கும். விலை குறைந்த அமைப்பில், கார்டு உள்ளே போகும்போதே இந்தக் கம்பிகள் அதன் மேல் 1 முதல் 2 செ.மீ. தூரம் உரசிக்கொண்டே போகும். பிளாஸ்டிக்கில் உரசுவது ஒன்று, எஃகில் உரசுவது வேறு. முலாம் தேய்ந்தால் அடியில் உள்ள உலோகம் வெளிப்பட்டு, கடற்காற்றின் ஈரத்தில் களிம்பு பிடிக்கும். செருகும் வாயின் பிளாஸ்டிக் ஓரத்தையும் உலோக விளிம்பு அரிக்கும். அரிசித் தவிடும் மிளகாய்த் தூளும் பறக்கும் மளிகைக் கடையில் இந்தத் தேய்மானம் இன்னும் விரைவு.

நல்ல அமைப்பு எது?

மெஷின் தயாரிப்பவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கார்டு முழுதும் உள்ளே போன பிறகே கம்பிகள் மேலிருந்து இறங்கிச் சிப்பின்மேல் அமரும் அமைப்பு ஒன்று உண்டு. உரசல் மிகக் குறைவு என்பதால் ஆயுள் அதிகம், விலையும் அதிகம். உலோகம் பட்டுக் கம்பிகளுக்குள் மின்சாரம் குறுக்கே பாய்ந்தாலும் மெஷின் பழுதாகக் கூடாது என்பது சிப் கார்டு மெஷின்களுக்கான உலகத் தரவிதியிலேயே இருக்கிறது. உலோகத் தகட்டைச் செருகினாலும் தாங்க வேண்டும் என்று அந்த விதி எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. ஆக, உலோகக் கார்டைச் செருகியதால்தான் மெஷின் கெட்டது என்று எவரும் நம்மீது எளிதில் பழிபோட இடமில்லை.

எல்லாவற்றையும்விட நல்லது, செருகாமலே வாங்குவது. 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல், கார்டை மெஷினில் காட்டியே பணம் பெறலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கும் கார்டைக் காட்டிவிட்டுப் பின் எண்ணை அழுத்தலாம். உலோகம் வானொலி அலையை மறைக்கும் என்பதால் சில கார்டுகள் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும். ஒருமுறை எடுக்காவிட்டால், "சார், கார்டைத் திருப்பிக் காட்டுங்கள்" என்று சொன்னால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

மெஷினின் வாயைக் கத்தியாலோ குச்சியாலோ துருவக் கூடாது. அதற்கென விற்கும் துப்புரவு அட்டையைச் செருகித் துடைக்கலாம். திருகாணியைக் கழற்றவே கூடாது. திறந்தால் உள்ளிருக்கும் ரகசியக் குறியீடுகள் தாமே அழிந்து மெஷின் செயலற்றுப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். மாவு, எண்ணெய் விற்கும் பலகையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

அடுத்தது ஒப்பந்தம். மாத வாடகை கொடுத்துத்தான் பெரும்பாலோர் மெஷின் வைத்திருக்கிறோம். சேதம் ஏற்பட்டால் வணிகரே பொறுப்பு என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் உண்டு. கீழே போட்டு உடைத்தால் நாம் கொடுப்பது நியாயம். அன்றாட உபயோகத்தில் கம்பி தேய்ந்தால் அது சேதம் அல்ல, இயல்பான தேய்மானம். இதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். கம்பி உரசும் அமைப்பா, இறங்கி அமரும் அமைப்பா, எத்தனை ஆயிரம் செருகலுக்கு உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் மாற்று மெஷின் என்ற நான்கையும் கேட்கத் தயங்கக் கூடாது. பழுது தொடங்கியதும் தேதியிட்டுப் புகார் எண்ணைக் குறித்து வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

நம் எடைக்கல் தேய்ந்தால் அரசு முத்திரை ஆய்வாளர் வந்து நம்மைக் கேட்கிறார், நாமும் பதில் சொல்கிறோம். வாடகைக்கு விட்ட மெஷின் தேய்ந்தால் விட்டவர் பதில் சொல்வதே முறை. தனியாகக் கேட்டால் எடுபடாதது, ஒரு கடைத்தெருவே சேர்ந்து கேட்டால் எடுபடும். கேட்போம், பெறுவோம்!