வாழ்க்கைத் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

சிலிம் ரிவர் பட்டணத்தில் மருத்துவமனை இருக்கிறது. இரயில் நிலையம் இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே செல்கிறது. வசதிகளை எண்ணிப் பார்த்தால் இப்பட்டணத்திற்கு நல்ல புள்ளிகள் கிடைத்துவிடும். ஆனால், தோட்டத்து லயத்தை விட்டு மலிவு விலை வீட்டிற்குக் குடிபெயர்ந்த ஒரு பாட்டி, மாதாந்திர மருந்தை வாங்க அம்மருத்துவமனைக்கு எப்படிப் போகிறார்? பேருந்து உண்டா? வாடகைக் காருக்கு எத்தனை ரிங்கிட்? வசதிப் பட்டியல் இதைச் சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதல்ல. பிரதமர் துறையின் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு 1999ஆம் ஆண்டில் மலேசிய வாழ்க்கைத் தரக் குறியீட்டை வெளியிட்டது. வருமானம், சுகாதாரம், கல்வி, வீடு, பொதுப் பாதுகாப்பு உட்பட 10 துறைகளில் 38 அளவீடுகள் அதில் இடம்பெற்றன. அது நாட்டின் சராசரியைக் காட்டியது. ஒரு தாமானின் நிலையைச் சராசரிக்குள் தேட முடியாது.

அளவுகோல் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு வறுமைக் கணக்கே சான்று. 2016இல் ஒரு குடும்பத்தின் வறுமைக்கோட்டு வருமானம் மாதம் 980 ரிங்கிட். வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு. 2019இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் இக்கணக்கைக் கடுமையாகக் குறை கூறினார். 2020இல் அரசாங்கம் திருத்தப்பட்ட கணக்கை அறிவித்தது. 2019க்கான கோடு 2,208 ரிங்கிட்டானது. புதிய முறையில் 2016ஐத் திரும்பக் கணக்கிட்டபோது விகிதம் 7.6 விழுக்காடு! அதே ஆண்டு, அதே குடும்பங்கள். பழைய கோட்டுக்கு மேலே நின்றவர்களுக்கு 'ஏழை' என்ற பெயரும் இல்லை, அதற்கான உதவியும் இல்லை.

ஆகவே, எதை அளப்பது என்பதில் குடியிருப்போருக்கும் பங்கு வேண்டும். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பொதுமக்கள் ஒன்றுகூடி 1993இல் தங்கள் அளவீடுகளை வெளியிட்டனர். ஓடைகளுக்குத் திரும்பி வரும் சால்மன் மீன்களின் எண்ணிக்கையும் அவற்றுள் ஒன்று. நீர் கெட்டால் மீன் வராது. இது எல்லாருக்கும் புரியும்.

சிலிம் ரிவரில் ஒரு தாமான் தனக்கென அளவீடுகளைத் தேர்ந்தெடுத்தால் எவை பொருந்தும்? நட்ட தெருவிளக்குகளை அல்ல, எரியும் விளக்குகளை எண்ணலாம். பள்ளி இருக்கிறதா என்பதைவிட, ஐந்தாம் படிவத்தை முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் எனக் கேட்கலாம். இங்கேயே வேலை கிடைத்த இளைஞர்கள் எத்தனை பேர்? வெளியூர் சென்றவர்கள் எத்தனை பேர்?

சில எண்கள் ஏமாற்றவும் செய்யும். போலீஸ் புகார்கள் கூடினால் குற்றம் பெருகியது என்றும் கொள்ளலாம்; மக்களுக்குப் புகார் செய்யும் துணிவு வந்தது என்றும் கொள்ளலாம். இரவில் பெண்கள் தனியே கடைக்கு நடந்து போகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை விளங்கும்.

அளவீடுகள் ஐந்தாறு போதும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையில் எண்ண வேண்டும். வாடகைக்கு இருப்போரையும் தனித்து வாழும் முதியோரையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வோர் எண்ணையும் யாரிடம் கொண்டு செல்வது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "தெரு இருட்டாக இருக்கிறது" என்று முறையிடுவதைவிட, "பத்தில் நான்கு விளக்குகள் எரியவில்லை; சென்ற ஆண்டும் இதே நிலைதான்" என்று மாவட்ட மன்றத்திடம் எழுதிக் கொடுப்பதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கணக்கில் வராத குறை கண்ணில் படுவதில்லை. அந்தப் பாட்டியின் பயணச் செலவு முதலில் கணக்கில் வரட்டும்.