சூரியனைப் பார்த்த கண்

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக் கோபுரத் தொலைநோக்கியில் விஞ்ஞானிகள் சூரியனை நேரே பார்ப்பதில்லை. 60 மீட்டர் சுரங்கத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, 34 சென்டிமீட்டர் பிம்பமாக விழச்செய்து ஆராய்கிறார்கள். நம்மில் சிலரோ கிரகணத்தன்று வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்க்கிறோம்! 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் தெரிந்த கங்கண கிரகணத்தில், எஞ்சிய ஒளிவளையமும் ஆபத்தானதே.

கண் லென்ஸ் அவ்வொளியை விழித்திரையின் நடுவில் குவிக்கிறது. கெடுப்பது பெரும்பாலும் சூடன்று, ஒளி தூண்டும் வேதிவினை. ஆகவே மலைக்குளிர் காப்பாற்றாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே அறிகுறி தோன்றும். படிக்கும் எழுத்தை நடுவில் கரும்புள்ளி மறைக்கிறதா? ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறதா? நிறம் மங்குகிறதா? ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதியுங்கள். இல்லாவிட்டால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஐயமிருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். பலருக்குச் சில மாதங்களில் பார்வை தேறும். சிலருக்கு அந்தப் புள்ளி நிலைத்துவிடுகிறது.